கசகசா அளவில் ஓர் உண்ணி: லைம் நோயை அறிதலும் அதனோடு வாழ்தலும்

லைம் நோய் என்பது உண்ணிக்கடியின் வழியே மனித உடலுக்குள் புகும் ஒரு சுருள்வடிவ நுண்ணுயிரியால் விளையும் தொற்று. பொரீலியா பர்க்டோர்ஃபெரி என்று பெயரிடப்பட்டிருக்கும் அந்த நுண்ணுயிரி, மேகநோயை உண்டாக்கும் கிருமிக்குத் தூரத்து உறவு. உறவுக்கேற்ப அதன் போக்கும் அமைந்திருக்கிறது, அதாவது தோலில் தொடங்கி, நாள்கள் செல்லச் செல்ல நரம்பு, இதயம், மூட்டு என்று உடலின் ஆழத்துக்கு இறங்குகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீட்டின்படி, அந்நாட்டில் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 4,76,000 பேர் இந்நோய் கண்டவர்களாகக் கருதப்பட்டுச் சிகிச்சை பெறுகிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சில வார மருந்தில் குணமடைகிறார்கள் என்பதும், ஒரு சிறுபான்மையினர் மருந்து முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், களைப்போடும் வலியோடும் வாழ்கிறார்கள் என்பதும் ஒருசேர உண்மைகளே. இவ்விரண்டில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை மறுத்ததால்தான் இந்நோயின் அரை நூற்றாண்டு வரலாறு இவ்வளவு கசப்பானதாக அமைந்தது.

தமிழ் வாசகர் தொடக்கத்திலேயே ஒரு சொற்குழப்பத்தைக் களைந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று வழங்கப்படுவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் வேறொரு நோய். அதைப் பரப்புவது புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிகளின் குஞ்சுகள். மாட்டின் மடியிலும் நாயின் காதோரத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சிப் பருக்கும் உண்ணியின் சுற்றத்தைச் சேர்ந்ததே லைம் நோயைக் கடத்தும் உண்ணி என்றாலும், அது இக்சோடிஸ் என்னும் தனிப் பேரினத்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதி ஆகியவற்றின் குளிர்ந்த, ஈரம் தேங்கிய காடுகளே அதன் முதன்மையான இருப்பிடம். எனினும் இது தமிழர்க்கு முற்றிலும் அயலான செய்தியன்று. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தோர் திரளாக வாழும் டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியை ஒட்டியிருக்கும் ரூஜ் பூங்காவின் காடுகளில் இந்த உண்ணி நிலைகொண்டுவிட்டது. கனடா நாடளாவிய கணக்கெடுப்பைத் தொடங்கிய 2009இல் பதிவான லைம் நோயாளிகள் 144 பேர். 2017இல் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. குளிர்காலத்தின் கடுமை தணியத் தணிய உண்ணியின் எல்லை வடக்கு நோக்கி விரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நோய் பழையது, பெயர்தான் புதியது. 1883இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் புக்வால்ட், தோல் மெல்ல மெல்லச் சுருங்கித் தாள்போல் மெலிந்துபோகும் ஒரு நிலையை விவரித்தார். 1909இல் ஸ்வீடன் நாட்டுத் தோல் மருத்துவர் ஆர்விட் அஃப்செலியஸ், உண்ணி கடித்த இடத்திலிருந்து வளையமாகப் படர்ந்து செல்லும் சிவந்த தடிப்பைப் பற்றித் தம் சக மருத்துவர்களிடம் எடுத்துரைத்தார். அவை இரண்டும் ஒரே கிருமியின் வேலை என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் அத்தடிப்புக்குப் பென்சிலின் கொடுத்து ஆற்றியிருக்கிறார்கள். ஆனால் தோல் மருத்துவரின் அறிவு மூட்டு மருத்துவரை எட்டவில்லை. ஐரோப்பாவின் ஏடுகள் அட்லாண்டிக்கைக் கடந்து படிக்கப்படவுமில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆற்று முகத்துவாரத்தை அடுத்த லைம், பழைய லைம், கிழக்கு ஹாடம் ஆகிய மூன்று சிற்றூர்களில் 1970களின் முதற்பாதியில் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. ‘இளம்பருவ முடக்குவாதம்’ என்று மருத்துவர்கள் தனித்தனியே பெயரிட்டுக் கொண்டிருந்த அந்நிலை, மிக அரிதானது, தொற்றாதது, அடுத்தடுத்த வீடுகளில் வர வாய்ப்பில்லாதது. பாலி மர்ரி என்னும் குடும்பத் தலைவி, தாமும் தம் கணவரும் பிள்ளைகளும் பல ஆண்டுகளாக மாறி மாறிப் பட்டுவந்த காய்ச்சலையும் தடிப்பையும் மூட்டுவீக்கத்தையும் நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தார். அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் பட்டியலையும் சேர்த்து வந்தார். பல மருத்துவர்கள் அவருடைய நோயை மனத்தின் கற்பனை என்று ஒதுக்கியிருந்தார்கள். 1975இல் அவரும் ஜூடித் மென்ஷ் என்னும் மற்றொரு தாயும் ஒருவரையொருவர் அறியாமலே மாநிலச் சுகாதாரத் துறைக்கு முறையிட, யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டு மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ஆலன் ஸ்டீர் என்னும் இளம் மருத்துவரிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. அவர் அந்தப் பட்டியலைப் புறந்தள்ளவில்லை. 1977இல் அவரும் உடனாய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வுரையில் 51 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். சில சாலைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் நோய் கண்டிருந்தது. நோயாளிகளுள் நால்வரில் ஒருவர், மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு தோலில் ஒரு செவ்வளையம் படர்ந்ததை நினைவுகூர்ந்தார். அஃப்செலியஸ் கண்ட வளையம் அதுவே என்று உணரப்பட்ட கணத்தில், கண்டங்களுக்கிடையே அறுந்து கிடந்த இழை மீண்டும் முடிச்சிடப்பட்டது.

கிருமி அகப்பட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, உண்ணிகளின் உடலைக் கூறிட்டு ஆராய்வதில் வாழ்நாள் தேர்ச்சி பெற்றிருந்த வில்லி பர்க்டோர்ஃபர், மொன்டானா மாநிலத்தின் ராக்கி மலை ஆய்வகத்தில், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளில் வேறொரு காய்ச்சலின் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1981இல் அவற்றின் குடலைப் பிரித்து உருப்பெருக்கியில் வைத்தபோது, தேடியது அங்கே இல்லை. மெல்லச் சுருண்டு நெளியும் வேறு நுண்ணுயிரிகள் இருந்தன. இளமையில் இத்தகைய சுருள் நுண்ணுயிரிகளைப் பற்றியே முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தவர் என்பதால், கண்டது இன்னதென்று அவருக்குப் புரிந்தது. 1982இல் கண்டுபிடிப்பு வெளியாயிற்று. 1984இல் அந்நுண்ணுயிரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

இனி, உண்ணியின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனெனில் நோயைத் தவிர்க்கும் வழி முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இந்நோயைக் கடத்தும் கிழக்கு அமெரிக்காவின் கருங்கால் உண்ணி ஏறத்தாழ ஈராண்டு வாழ்கிறது. அதற்குள் மூன்றே முறை இரத்தம் குடிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் ஆறுகால் குஞ்சின் உடலில் லைம் கிருமி இருப்பதில்லை. அது முதல் உணவுக்காகப் பெரும்பாலும் வெண்கால் எலியின் மீது ஏறுகிறது. அந்த எலியோ, நோயின் அறிகுறி ஏதுமின்றிக் கிருமியை இரத்தத்தில் சுமந்து திரியும் கொள்கலம். அவ்வாறு கிருமியைப் பெற்ற குஞ்சு தோலுரித்து, எட்டுக்கால் கொண்ட இளவுண்ணியாகி, அடுத்த ஆண்டின் மே முதல் ஜூலை வரையிலான இளவெயிற் காலத்தில் இரண்டாம் உணவைத் தேடுகிறது. அதன் அளவு ஒரு கசகசா மணி. முழங்காலின் பின்புறத்திலோ, அக்குளிலோ, தலைமயிரின் வேரிலோ அது ஒட்டியிருந்தால் மச்சம் என்றே எண்ணத் தோன்றும். மனிதர்க்கு வரும் தொற்றில் பெரும்பங்கு இந்த இளவுண்ணியால் வருவது. முதிர்ந்த உண்ணி எள்ளளவு பெரியது என்பதால் கண்ணில் பட்டு விலக்கப்பட்டுவிடுகிறது. உண்ணி பறப்பதில்லை, தாவுவதுமில்லை. புல்லின் நுனியிலோ உதிர்ந்த இலைமேலோ முன்கால்களை விரித்து நீட்டியபடி, உரசிச் செல்லும் உடலைப் பற்றிக்கொள்வதற்காக அது காத்திருக்கிறது.

மானை இந்நோயின் குற்றவாளியாகக் காட்டுவது வழக்கம். மானின் உடலில் கிருமி தங்குவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிகள் இறுதி உணவை உண்டு இணைசேரும் பந்தி மானின் முதுகே என்பதால், மான் பெருகினால் உண்ணி பெருகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தின் காடுகள் பயிர்நிலத்துக்காக வெட்டப்பட்டபோது மானும் ஏறத்தாழ ஒழிந்தது. பின்னர் உழவர்கள் நிலத்தைக் கைவிட்டு மேற்கே பெயர்ந்ததும் காடு திரும்பியது, வேட்டையாடும் ஓநாயோ திரும்பவில்லை. அந்த இரண்டாந்தலைமுறைக் காட்டைத் துண்டு துண்டாக வகுந்து வீடுகள் எழுந்தன. புல்வெளி முடிந்து மரம் தொடங்கும் விளிம்பே குழந்தைகளின் ஆடுகளமாயிற்று. நியூயார்க் மாநிலத்தில் பல்லாண்டு காட்டாய்வு செய்த ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்ட் குழுவினர், ஓக் மரங்கள் மிகுதியாகக் காய்த்துக் கொட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் எலிகள் பெருகுவதையும், அதற்கும் அடுத்த ஆண்டில் கிருமி சுமந்த இளவுண்ணிகள் பெருகுவதையும் காட்டினர். ஒரு மரத்தின் காய்ப்புக்கும் ஈராண்டு கழித்து ஒரு குழந்தையின் முழங்கால் வீங்குவதற்கும் இடையே இத்தகைய தொடர் இருப்பது, காட்டின் கணக்கை அறியாமல் மருத்துவத்தின் கணக்கு முழுமையடையாது என்பதைக் காட்டுகிறது.

உண்ணி கடிப்பது வலிப்பதில்லை. அதன் உமிழ்நீரில் வலியை மரக்கச் செய்யும் பொருளும், இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளும், கடித்த இடத்தில் உடலின் காவலை மந்தமாக்கும் பொருளும் இருக்கின்றன. பசித்த உண்ணியின் குடலில் உறங்கிக் கிடக்கும் கிருமி, சூடான இரத்தம் உள்ளே வந்ததும் விழித்து, மேற்பூச்சுப் புரதத்தை மாற்றிக்கொண்டு, குடலைத் துளைத்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்த பிறகே மனித உடலுக்குள் செல்ல முடியும். இந்தப் பயணத்துக்குப் பொதுவாக ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு மாலையும் உடலைத் தடவிப் பார்த்து, ஒட்டிய உண்ணியை அன்றே அகற்றிவிடுபவர்க்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகவும் குறைவு. அகற்றும் முறையும் எளிதே: நுனி கூரிய சாமணத்தால், உண்ணியின் வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டிய தலைப்பகுதியைப் பற்றி, திருகாமல் நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவதும், தீக்குச்சியால் சுடுவதும், நகப்பூச்சு பூசுவதும் காலத்தை வீணாக்கும் கைவைத்தியங்கள்.

தொற்றியவர்களுள் 70 முதல் 80 விழுக்காட்டினர்க்கு, கடித்த மூன்று முதல் முப்பது நாள்களுக்குள் செந்தடிப்பு தோன்றிப் படர்கிறது. ‘எரித்திமா மைக்ரன்ஸ்’, அதாவது இடம்பெயரும் செம்மை, என்று மருத்துவ நூல்கள் இதனைக் குறிக்கின்றன. நடுவில் புள்ளியும் சுற்றிலும் வளையமுமாக அம்பெய்யும் இலக்குப்பலகையைப் போன்ற படமே எல்லாக் கையேடுகளிலும் அச்சாகியிருக்கிறது; உண்மையில் பல தடிப்புகள் வளையமின்றி ஒரே சீராகச் சிவந்திருக்கும். கையேடுகளின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. மாநிறத்திலும் கருநிறத்திலும் அதே தடிப்பு செம்மையாகத் தெரியாமல், கன்றிப்போன தழும்பைப்போல் ஊதாவாகவோ கருமையாகவோ தெரிவதால், கருப்பினத்தவர்க்கும் தெற்காசியர்க்கும் நோய் பிந்தியே அறியப்படும் ஆபத்து உள்ளது. ஸ்காபரோவின் தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது.

தடிப்பைத் தவறவிட்டால், சில வாரங்களில் முகத்தின் ஒருபக்கம் வாதம் கண்டு கோணலாம். மூளையுறை அழற்சி வரலாம். இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டு மயக்கம் வரலாம். மாதங்கள் சென்றால் முழங்கால் பெருத்து வீங்குகிறது. ஐரோப்பாவில் கிருமியின் உடன்பிறப்பு இனங்களான அஃப்செலியும் கரினியியும் மிகுதி என்பதால், அங்கே மூட்டைவிடத் தோலும் நரம்பும் அதிகம் தாக்கப்படுகின்றன.

இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே தேடுகிறது. அப்பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆவதால், தடிப்பு தோன்றிய முதல் நாள்களில் பரிசோதனை ‘இல்லை’ என்றே சொல்லக்கூடும். ஆகவே செந்தடிப்பைக் கண்ணால் கண்ட மருத்துவர் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதே நெறி. மறுபுறம், நோய் ஆறிப் பல்லாண்டு கழிந்த பின்னும் எதிர்ப்பொருள் எஞ்சியிருக்கும். எனவே ‘உண்டு’ என்ற முடிவு, கிருமி இன்றும் உடலில் உயிரோடு இருப்பதற்குச் சான்றாகாது. இந்த இரட்டைக் குறைபாட்டிலிருந்தே பின்னாளின் பூசல்களில் பாதி முளைத்தது.

சிகிச்சையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. தொடக்க நிலையில் டாக்சிசைக்ளின் 10 முதல் 14 நாள்கள், அல்லது அமாக்சிசிலின் 14 நாள்கள்; மூட்டு வீங்கியிருந்தால் 28 நாள்கள்; இதயமோ மூளையோ கடுமையாகத் தாக்கப்பட்டால் நரம்பூசி வழியே செஃப்ட்ரையாக்சோன். எல்லாம் பழைய, மலிவான, உலகெங்கும் கிடைக்கும் மருந்துகள்.

மருந்து முடிந்த பிறகு தொடங்குவதே கடினமான பகுதி. சிகிச்சைக்குப் பின்னும் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடுங்களைப்பு, உடல்வலி, நினைவும் கவனமும் மங்குதல் ஆகியவை சேர்ந்த நிலை ‘சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்க்குறித்தொகுதி’ என்று அழைக்கப்படுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆகாட் தலைமையில் நடந்த ஆய்வில், உரிய காலத்தில் உரிய மருந்து பெற்றவர்களுள்ளும் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர்க்கு இந்நிலை காணப்பட்டது. லைம் நோயே வராத ஒப்பீட்டுக் குழுவில் அதே துன்பங்கள் 4 விழுக்காட்டினர்க்கே இருந்தன. ‘களைப்பு யாருக்குத்தான் இல்லை’ என்று கேட்டு நோயாளியை அனுப்பிவைத்தவர்களுக்கு இந்த வேறுபாடே விடை.

காரணம் என்ன என்பதில்தான் இரு முகாம்கள் உருவாயின. கிருமி திசுக்களில் ஒளிந்து உயிரோடிருக்கிறது, ஆகவே மாதக்கணக்கில் மருந்து வேண்டும் என்றது ஒரு முகாம். அதற்குச் சான்றில்லை என்றது மருத்துவ அமைப்புகளின் முகாம். இவ்வினாவைச் சோதித்து 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 30 நாள் நரம்பூசி மருந்தும் அதன்பின் 60 நாள் மாத்திரையும் பெற்றவர்கள், வெற்று மருந்து பெற்றவர்களைவிடச் சிறப்பாகத் தேறவில்லை. 2016இல் வெளியான டச்சு ஆய்வும் நீண்ட சிகிச்சையால் கூடுதல் பயனில்லை என்றே கண்டது. தீங்கோ வெளிப்படையானது: நீண்டகாலம் நரம்பில் பதித்த குழாயின் வழியே வேறு கிருமிகள் புகுந்து இரத்தம் நஞ்சானதால் உயிரிழப்பு உள்ளிட்ட கேடுகள் நேர்ந்ததை, 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஐந்து நோயாளிகளின் வரலாற்றோடு பதிவு செய்தது. பூசல் சட்டத்தின் வாசலுக்கும் சென்றது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2006ஆம் ஆண்டு லைம் நோய் நெறிமுறைகள் உருவான விதத்தைக் கனெக்டிகட் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்ததும், இருதரப்பும் செய்துகொண்ட 2008 உடன்பாட்டின்படி அமைந்த மறுஆய்வுக் குழு 2010இல் அந்நெறிமுறைகளை அப்படியே ஏற்றதும் மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்வுகள்.

சான்றுகளை எடைபோட்டால், நீண்டகால மருந்துக்கு எதிராகவே தராசு சாய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவ உலகம் இழைத்த பிழை வேறிடத்தில் இருக்கிறது: ‘கிருமி இல்லை’ என்ற முடிவை ‘நோயே இல்லை’ என்று நோயாளியின் காதில் விழும்படி சொன்னதே அப்பிழை. தம் துன்பத்தை நம்பிய ஒரே மனிதர் விலையுயர்ந்த நரம்பூசியை விற்பவர்தான் என்று நோயாளி கண்டால், அவர் அங்கே செல்வதில் வியப்பில்லை. பாலி மர்ரியின் குறிப்பேட்டைக் கையில் வாங்கிப் படித்ததால் பிறந்த ஒரு மருத்துவத் துறை, அதே போன்ற குறிப்பேடுகளை மறுபடியும் மூடிவைத்தது வருந்தத்தக்கது. அண்மைக்காலத்தில் நிலை மாறிவருகிறது. இறந்த கிருமியின் சுவர்த் துண்டுகள் மூட்டு நீரில் நெடுநாள் தங்கி அழற்சியை மூட்டிக்கொண்டிருப்பதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. உயிருள்ள கிருமி இன்றியே நோய் நீளக்கூடும் என்பதற்கு அது ஒரு வழியைத் திறந்தது. கோவிட் தொற்றுக்குப் பின் நீடித்த களைப்பை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அனுபவித்தது, தொற்று நீங்கியும் நோய் நீங்காமலிருக்கலாம் என்ற கருத்தை மருத்துவர்கள் செவிமடுக்கச் செய்தது.

இந்நிலையோடு வாழ்பவர்க்கு இன்று கொடுக்க முடிவது, ஒரே மாத்திரையில் அடங்கும் தீர்வன்று. முதல் தேவை, தைராய்டு குறைவு, இரத்தச்சோகை, உறக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு, அதே உண்ணி கடத்தும் பாபீசியா போன்ற பிற தொற்றுகள் ஆகியவை மறைந்திருக்கின்றனவா என்று பொறுமையாகத் தேடும் மருத்துவர். அடுத்தது, உடலின் ஆற்றலை மாதச் சம்பளத்தைப்போல் கணக்கிட்டுச் செலவழிக்கும் பழக்கம்: நன்றாயிருக்கும் ஒரு நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடப்பதைத் தவிர்த்து, நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தக் கற்றுக்கொள்வது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இது, வெளியே எந்தக் காயமும் தெரியாத ஒருவர் அலுவலகத்திலும் வீட்டிலும் நடைமுறைப்படுத்த மிகவும் கடினமானது. குடும்பத்தார் அவரைச் சோம்பேறி என்று எண்ணாதிருப்பதே பல நோயாளிகளுக்கு மருந்தைவிடப் பெரிய துணையாகிறது. பலர் மாதங்கள் செல்லச் செல்ல மெல்லத் தேறுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி ஒன்று இருந்தது. 1998இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லைம்ரிக்ஸ், மனித இரத்தத்தில் உருவாக்கும் எதிர்ப்பொருள் உண்ணியின் குடலுக்குள் சென்று, கிருமி அங்கிருந்து புறப்படும் முன்பே அதைக் கொன்றுவிடும் வகையில் வடிவமைக்கப்பட்டது. மூன்று ஊசிகளுக்குப் பின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பாதுகாப்புத் தந்தது. அது மூட்டுவாதத்தை உண்டாக்குகிறது என்ற அச்சம் பரவியது. ஊசி போட்டவர்களிடம் மூட்டுவாதம் மிகுந்திருந்ததற்கு அமெரிக்க மருந்து ஒழுங்காற்றுத் துறை சான்று காணவில்லை. ஆயினும் வழக்குகள் குவிந்து, விற்பனை சரிந்து, 2002இல் தயாரிப்பு நின்றது. அதே கொள்கையில் வால்னேவா, ஃபைசர் நிறுவனங்கள் உருவாக்கிய புதிய ஊசி 2022இல் மூன்றாங்கட்டச் சோதனைக்குச் சென்றது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் நாய்க்குத் தடுப்பூசி இருந்தது, நாயை நடத்திச் சென்றவர்க்கு இல்லை.

ஒருமுறை வந்த லைம் நோய் மறுமுறை வராமல் காப்பதில்லை; கிருமியின் வகைகள் பல என்பதால், ஆறியவரையே அடுத்த கோடையில் வேறொரு வகை தொற்றக்கூடும். ஆகவே கனெக்டிகட்டிலும் ஒன்டாரியோவிலும் நோயிலிருந்து மீண்டவர்கள் மே மாதம் பிறந்ததும் காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்கிறார்கள். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி தெளித்த காலணியை அணிந்து, காட்டுப்பாதையின் நடுவிலேயே நடக்கிறார்கள். வீடு திரும்பியதும் உடைகளை உலர்த்தும் எந்திரத்தின் கடுஞ்சூட்டில் பத்து நிமிடம் சுழலவிட்டு, குளித்து, குழந்தைகளின் காதுமடலின் பின்புறத்தையும் பிடரியையும் முழங்கால் மடிப்பையும் விளக்கொளியில் விரலால் தடவிப் பார்க்கிறார்கள்.